நீலச் சட்டையில் சிவப்பு நூல்

என்னங்க,

தையல் வகுப்புத் தோழிகளோடு ஏரிக்கரைக்குக் கிளம்பிவிட்டேன். உங்களை எழுப்பவில்லை. எழுப்பினால் நேற்றைய சண்டையும் கூடவே எழுந்துகொள்ளும்.

சாப்பாடு அடுப்பில் மூடி இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடுங்கள், சோம்பல்பட்டு ஆறினதையே அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். வீட்டுச் சாவி தையல் மிஷின் மேல். மாடிவீட்டு அக்கா தன் மகளுடைய கவுனைக் கேட்டு வருவார். "நாளைக்கு ஆயிடும்க்கா" என்று மட்டும் சொல்லுங்கள். குண்டூசியோடு தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

"ஊர்ப்பட்ட துணியெல்லாம் தைக்கிற, என் சட்டைக்கு ஒரு பட்டன் வைக்க மூணு வாரமா?" என்று நீங்கள் கேட்டதும், "கை இருக்குல்ல, நீங்களே தச்சுக்கோங்க" என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும்... சரி, விடுங்கள்.

காலையில் பட்டன் வைக்கலாம் என்று சட்டையை எடுத்தால், அது திறக்கவே மாட்டேன் என்றது. ராத்திரி நீங்களே பட்டன் வைக்கிறேன் என்று முதுகுப் பக்கத்தையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறீர்கள்! வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்புறம்தான் பட்டன் ஓரத்தில் அந்த ரத்தப் பொட்டைப் பார்த்தேன். விரலுக்கு மருந்து போடுங்கள்.

முதுகை மட்டும் பிரித்து, நூலை முடிச்சுப் போட்டிருக்கிறேன். பட்டன் உங்கள் தையலிலேயே இருக்கட்டும். நீலச் சட்டைக்குச் சிவப்பு நூல்தான், பரவாயில்லை.

பி.கு.: ஐந்து மணிக்கு என்னை அழைத்துப்போக பஸ் ஸ்டாப்புக்கு வரும்போது அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு வாருங்கள். யார் தைத்தது என்று தோழிகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

தாளில் இடமில்லை. மூன்று வாரம் இழுத்தடித்தது என் தப்புதான்.