ஆண்டிக்கு ஒரு மப்ளர்

அப்பா,

விரிசல் முதலில் வந்ததா, மப்ளர் முதலில் வந்ததா? எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் இத்தனை வருஷமாகச் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவள், சொந்த வீட்டில் நடந்த இரண்டு காரியங்களில் எது முந்தியது என்று சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று பிற்பகல் அடிவாரத்தில் உங்கள் ஸ்டூடியோவை ஒழித்துக்கொண்டிருந்தேன். இருட்டறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்தப் பச்சை மப்ளர் தொங்கியது. எடுத்து உதறினேன். படம் கழுவுகிற ஹைப்போ வாடைக்கு அடியில் இன்னும் பூண்டு வாடை இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே உங்கள் முருகன் நின்றான், என் தோளுயரத்தில், கோவணமும் தண்டமுமாக.

நாளைக் காலை கொடைக்கானலிலிருந்து லாட்ஜ்காரர் ஒருவர் வேன் கொண்டுவருகிறார். சிலையைத் தன் லாட்ஜ் வாசலில் நிறுத்தப்போகிறாராம். ஊர் பார்க்க வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். எதிர்ப்பக்கம் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் செட்டியார் அதைக் கேட்டுவிட்டு நேராக வந்தார்.

"டீச்சர், கும்பிட்ட சிலைய அடுத்தவன் வாசலுக்கு அனுப்பக்கூடாதுங்க. அதுலயும் கழுத்து விரிஞ்சு கெடக்கு. வெரசா சண்முகநதியில விட்ருங்க."

"அப்பா அதைக் கும்பிட்டாங்களான்னு தெரியலையே" என்றேன்.

"உங்கப்பாவ உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கும்பிட்ட சிலை என்றால் ஆற்றில் விட வேண்டும். கடைச் சாமான் என்றால் கொடுத்துவிடலாம். ஆக, எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நீங்கள் அதைக் கும்பிட்டீர்களா?

மலைமேல் இருக்கிற மூலவரை யாரும் படம் எடுக்க முடியாது. போகர் என்ற சித்தர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டி அந்தச் சிலையைச் செய்தார் என்று நம் ஊரில் சொல்கிறார்கள். எந்தக் காலத்தில் என்று கேட்டால் ஆளுக்கொரு காலம் சொல்வார்கள். ஆதாரம் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் மலையாளத்திலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் ஜனங்கள் ஆதாரம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. முடி இறக்கி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, படியேறிப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். இறங்கியதும், பார்த்ததற்கு அடையாளமாக ஒரு படம் வேண்டும் என்கிறார்கள். அதற்காகத்தான் பொம்மை செய்கிற விளாச்சேரியில் சொல்லி இந்தக் காகிதக்கூழ் முருகனைச் செய்து வாங்கினீர்கள்.

யார் ஸ்டூடியோப் படியேறி வந்தாலும் நீங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஆண்டியா, ராஜாவா?" அட்டைக் கிரீடமும் ஜிகினா அங்கியும் தயாராக இருக்கும். ஒரு தடவை திண்டுக்கல்லிலிருந்து வந்த புருஷனும் பெண்சாதியும் கேமரா முன்னால் நின்றே சண்டை போட்டது நினைவிருக்கிறதா?

"ஆண்டி படத்த வீட்டுல மாட்டுனா குடும்பமே ஆண்டியாப் போயிருமாம்ல. ராஜாதான் வேணும்" என்றாள் அவள்.

"நானே மொட்டத் தலையோட நிக்கிறேன். பக்கத்துல கிரீடம் வெச்சவன் நின்னா, என்னைய யாருன்னு கேப்பாங்கடி" என்றான் அவன்.

"சண்ட வேணாம். வெச்சு ஒண்ணு, கழட்டி ஒண்ணு எடுத்துருவோம். ராஜா கூடத்துல, ஆண்டி உள்ரூம்புல" என்றீர்கள் நீங்கள், கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டாமலே.

கும்பிடுகிறவர் பேசுகிற பேச்சா இது? காலில் செருப்போடுதான் சிலையை நகர்த்துவீர்கள். வியர்த்தால் சட்டையைக் கழற்றி அதன் தண்டத்தில் மாட்டுவீர்கள். படிப்பை முடித்துவிட்டு வந்த எனக்கு அதையெல்லாம் பார்க்கப் பிடித்திருந்தது. ஊரெல்லாம் சாமி என்று உருகும்போது நம் வீட்டில் ஒருவராவது தெளிவாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஐம்பதுகளின் அந்தக் கோடைகளில் என் கல்லூரி விடுமுறையும் கொடைக்கானல் சீசனும் ஒன்றாக வரும். சிலையைச் சாக்கில் சுற்றி பஸ் கூரையில் ஏற்றி, வத்தலக்குண்டு வழியாக மலையேறுவோம். முதல் வருஷம் கண்டக்டர் மேலே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அய்யா, சாமிக்கு டிக்கெட்டு?"

"ஆண்டிகிட்ட ஏதுப்பா காசு? லக்கேஜுல போட்டுக்க."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு கொண்டையூசி வளைவில் கூரைமேல் தொப்பென்று சத்தம் கேட்டதும் உங்கள் சிரிப்பு நின்றது நினைவிருக்கிறது. அது அந்த முதல் வருஷமா, அடுத்த வருஷமா? கழுத்தில் விரிசல் விழுந்தது அதில்தான், அதுவும் முதல் வருஷமே என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

ஏரிக்கரையில் நாம் சிலையும் கேமராவும் வைத்த இடத்தைச் சுற்றி மெட்ராஸ்காரர்கள் எப்போதும் நிற்பார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரி ஒருத்தி, சிலை எதனால் ஆனது என்று கேட்டபோது நீங்கள் சொன்ன பதிலை என் மாணவிகளுக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன்: "ஹில் ஸ்டாச்சூ, நைன் பாய்சன். திஸ் ஒன், ஒன்லி பேப்பர்." ஒளிவுமறைவு இல்லாத பதில் அது.

அந்த முதல் சீசனில்தான் வெள்ளையம்மாள் வந்தாள். மலைக்கிராமமான பூண்டியில் பூண்டு போடுகிறவள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மூட்டையோடு வந்தவள், விற்று முடித்துத் திரும்பும்போது நம் முன்னால் நின்றாள். கும்பிடவில்லை. இடுப்பில் கைவைத்து உங்களைத்தான் முறைத்தாள்.

"ஏண்ணே, இந்தக் குளிருல புள்ளையக் கோவணத்தோட நிப்பாட்டி வெச்சிருக்கீங்களே, நல்லா இருக்கா உங்களுக்கு?"

"இது காயிதம்மா. இதுக்கு எங்க குளிரப்போகுது?"

"காயிதம்னா மட்டும் பனி புடிக்காதாக்கும்? நீங்க மட்டும் கோட்டு போட்டுக்கிட்டீங்க."

அடுத்த ஞாயிறு மருமகனின் மப்ளரோடு வந்தாள். "அவனுக்கு ரெண்டு கெடக்கு" என்றாள். பூண்டு மூட்டைமேல் போட்டுக் கொண்டுவந்ததால் அது அப்படி நாறியது. நீங்கள் வேண்டாம் என்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். வாங்கி, அவள் எதிரிலேயே சிலையின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினீர்கள். அவள் திருநீறு கேட்டாள். உங்கள் கோட்டுப் பையிலிருந்து ஒரு டப்பா வந்தது. அந்தப் பையில் அப்படியொரு டப்பா இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

அதன் பிறகு தினமும், ஆள் வந்தால் அவிழ்ப்பதும் பனி இறங்கினால் கட்டுவதுமாக இருந்தீர்கள். அவள் வராத நாட்களிலும் கட்டினீர்கள். நான் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"எதுக்குப்பா இதைக் கட்டுறீங்க?"

"கழுத்துல விரிசல் இருக்கும்மா. பனி எறங்குனா கூழு ஊறிப்போகும்."

நான் நம்பினேன். நம்புவது சுலபமாகவும் இருந்தது.

சென்ற மாதம் உங்கள் காரியத்துக்கு வெள்ளையம்மாள் பூண்டியிலிருந்து பஸ் மாறி மாறி வந்தாள். பேச்சுவாக்கில் விரிசலைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. "நான் மப்ளரு குடுத்தப்பப் புதுச் செலையில்ல அது? மொகம் மினுமினுன்னு இருந்துச்சு. விரிசலெல்லாம் நான் பாக்கலியே தாயி."

அவளுக்கு ஞாபகம் பிசகியிருக்கலாம். எனக்கும் பிசகியிருக்கலாம். அதற்காகத்தான் இன்று பழைய படங்களை எல்லாம் தரையில் பரப்பிப் பார்த்தேன். மொட்டைத் தலைகள், பட்டுப்பாவாடைகள், தொப்பி போட்ட மெட்ராஸ்காரர்கள். எல்லாவற்றிலும் சிலையின் கழுத்தில் காகிதப் பூமாலை. ஒன்றில்கூடக் கழுத்து தெரியவில்லை. விரிசலை மறைக்கப் போட்டீர்களா, மாலை இல்லாமல் முருகனை நிறுத்த மனம் வரவில்லையா? என் மாணவி யாராவது இந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முடிவு எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன்.

படங்களைப் பார்த்ததில் இன்னொன்றும் தட்டுப்பட்டது. ஏரிக்கரையில் சிலை எப்போதும் மேற்கே பார்த்துத்தான் நிற்கிறது, மலைமேல் மூலவர் நிற்பதுபோல. சாயங்கால வெளிச்சம் முகத்தில் விழும் என்று ஒரு காரணம் சொல்வீர்கள். ஆனால் கொடைக்கானலில் மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்கிவிடுமே அப்பா. காலையில்தான் வானம் தெளிவாக இருக்கும். காலையில் வந்தவர்களைப் "பொழுது சாய வாங்க" என்று நீங்கள் திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். கேமராக்காரர் செய்கிற காரியமா அது? ஒருவேளை அந்த இடத்தில் அப்படித்தான் நிறுத்த முடிந்ததோ என்னவோ. பின்னால் மரம் ஏதோ இருந்தது. இருந்ததா?

நான் உங்களிடம் நேராகக் கேட்டதே இல்லை. நீங்களும் நான் கோயிலுக்குப் போகாததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருவரையொருவர் மதித்தோம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரியும் தோன்றுகிறது. படித்த மகளிடம் உங்களுக்குக் கூச்சமாக இருந்ததோ? சட்டையைத் தண்டத்தில் மாட்டியதெல்லாம் நான் பார்க்கிற நாட்களில் மட்டும்தானோ? கல்லூரி வேலையாக நான் மதுரையில் இருந்த மாதங்களில் இந்த அறையில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. செட்டியாருக்குத் தெரிந்திருக்கும். கேட்கப் போனேன், கடை வாசல்வரை. கேட்காமல் திரும்பிவிட்டேன்.

வெளிச்சம் மங்கிவிட்டது. நாளை அந்த மனிதர் வந்ததும் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை. இன்றைக்கு இத்தோடு நிறுத்துகிறேன்.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

வேன் வெள்ளனவே வந்துவிட்டது. நான் எந்த முடிவுக்கும் வந்திருக்கவில்லை. லாட்ஜ்காரர் சிலையைச் சுற்றிவந்து பார்த்தார். "கிரீடம் இருக்குல்லங்கம்மா? லாட்ஜ் வாசல்ல ஆண்டி நின்னா எவன் ரூம் எடுப்பான்?" என்று சிரித்தார். கிரீடத்தையும் அங்கியையும் எடுத்துக் கொடுத்தேன். வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்று கேட்டேன். வடக்கு என்றார்.

இரண்டு ஆட்கள் தூக்கினார்கள். செட்டியார் தன் கடையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். சிலையை வேனில் நிறுத்திக் கயிறு கட்டினார்கள். என் கையில் மப்ளர் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. வேனில் ஏறி அதன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். அடிவாரத்தில் அப்போதே வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"எதுக்குங்கம்மா இது? சாமிக்குக் குளிருமா?" என்றார் லாட்ஜ்காரர். அவர் கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கழுத்துல விரிசல் இருக்குங்க. பனி எறங்குனா கூழு ஊறிப்போகும்" என்றேன்.

அவர் நம்பிவிட்டார்.