டெல்ஃபிக்குத் தைத்த கவுன்

லோவெல், 1846 மார்ச் 9

அம்மாவுக்கு ஆல்மைராவின் வணக்கம். நான் சௌக்கியம். இந்தப் பனியில் உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

இங்கே ஒரு விஷயம் நடந்தது, பயப்பட ஒன்றுமில்லை. அடிமைமுறையை ஒழிக்க மில் பெண்கள் நாங்கள் சங்கம் வைத்திருக்கிறோமே, அதன் சார்பில், தெற்கு மாநிலத்தில் அடிமையாக இருந்து தப்பி வந்த டெல்ஃபி அக்காவுக்குச் சனிக்கிழமை ஒரு கவுன் கொடுத்தோம். மில்லில் மிச்சத்துணி வாங்கி, கழுத்தில் லேஸ் வைத்து நான்தான் தைத்தேன்.

அவள் தடவிப் பார்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"இது எங்க கெடச்சுது?"

"நாங்களே நெய்ஞ்சதுதான்க்கா," என்றேன் பெருமையாக.

"வருஷத்துக்கு ஒருதடவ எஜமான் எங்களுக்குத் தர்ற துணி இது. புதுசுல முதுகெல்லாம் கீறும். நாங்க இதுக்கு வச்ச பேரே லோவெல்தான்."

எங்கள் மில் இருக்கும் இந்த ஊரின் பெயர், அம்மா. நாலு வருஷமாக நெய்கிறேன், யாருக்குப் போகிறதென்று ஒருநாளும் கேட்டதில்லை.

பக்கத்துத் தறி தர்ஸாதான் வாயைத் திறந்தாள். "சாயங்காலமெல்லாம் அடிமைமுறை ஒழியணும்னு மனுவுக்குக் கையெழுத்து கேட்டு அலைஞ்சோம். பகலெல்லாம் இதையாடி நெய்ஞ்சோம்?"

டெல்ஃபி திட்டவில்லை. கவுனை மடித்து என் மடியில் வைத்துவிட்டுத் தன் கிழிந்த சால்வையைப் போர்த்திக்கொண்டாள்.

நீ நூற்று நெய்த கம்பளிக் கவுனை அவளுக்கு அனுப்பு. எனக்குக் கொஞ்சம் உலர்ந்த ஆப்பிள். உன் தலையணை உறை ஒன்றும், துவைக்காமல், உன் வாசனையோடு. போன மாதம் நான் அனுப்பிய மில் துணியில் எதுவும் தைத்துவிடாதே.

மணி அடிக்கிறது, போகிறேன். என் இரண்டு தறியிலும் இன்றைக்கும் அதே துணிதான்.

உன் மகள்
ஆல்மைரா