சமையலறைச் சனாதிபதியின் பதவியேற்பு

15 தை (ஜனவரி) 1989, ஞாயிறு. கோல்டிங், டென்மார்க்.

மழை. பனியே இல்லாத தை. தொழிற்சாலையில் டேனிஷ்காரர் எல்லோருக்கும் இப்போது அதுதான் கதை. நேற்றுப் பொங்கல். பானை சிறிது, பால் அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்தது நான்.

செய்ய: சப்பாத்துக்கு அடி ஒட்ட. வசந்திக்குக் கடிதம். நூலகம். மயூரிக்குக் கம்பளித் தொப்பி (அளவு? ஆறு வயதுப் பிள்ளைக்குத் தலை எவ்வளவு இருக்கும்? விட்டுவிட்டு வரும்போது மூன்று வயது).

டேனிஷ் வகுப்பில் வீட்டுவேலை. வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் புதுச் சனாதிபதி பதவியேற்கிறார். அவருடைய பேச்சைப் பார்த்து, பழையவர்களின் பேச்சுகளையும் படித்து, அடுத்த செவ்வாய் ஐந்து நிமிடம் பேச வேண்டும். கேள்வி: அந்தந்தக் காலத்துச் சனங்களின் கவலை பேச்சில் தெரிகிறதா? தந்தவர் கிர்ஸ்டன் ரீச்சர். ரீச்சர் வேண்டாம், கிர்ஸ்டன் போதும் என்கிறார். வந்ததிலிருந்து முயல்கிறேன், வாய் வரவில்லை.

17 தை, செவ்வாய்.

மழை. நூலகத்தில் கேட்டவுடன் தந்தார்கள், எல்லாப் பேச்சும் ஒரே தொகுப்பில், ஆங்கிலத்தில். வேலையால் வந்து படித்தேன்.

– ஒருவர் குளிருக்குள் தொப்பியும் இல்லாமல் மேலங்கியும் இல்லாமல் நின்று மிக நீளமாகப் பேசியிருக்கிறார். ஒரு மாதத்தில் ஆள் போய்விட்டார். மயூரிக்குத் தொப்பி கட்டாயம்.

– வேலையில்லாத் திண்டாட்டத்தில் வந்தவர். வங்கிகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன. மனிதர் முதலில் பிடித்து ஏசுவது பயத்தைத்தான்.

– அணுகுண்டுப் போட்டிக் காலத்து இளையவர். உள்வீட்டுக் கதை மிகக் குறைவு. முழுக்க உலகம்.

– உள்நாட்டுப் போர் முடியப்போகும் நேரத்தில் இரண்டாம் முறை வந்தவர். சின்னப் பேச்சு. வென்றுவிட்டோம் என்ற கொக்கரிப்பே இல்லை. காயத்துக்குக் கட்டுப்போடுவது, போரில் போனவனின் மனைவியையும் பிள்ளையையும் பார்ப்பது, அதுதான் கதை. திரும்பவும் படித்தேன். எங்கள் பக்கத்தில் யாராவது ஒரு நாள் இப்படிப் பேச வேண்டும். யார் என்று நினைத்துப் பார்த்தேன், ஒரு முகமும் வரவில்லை.

யேசுதாசன் (இனி யே. மன்னார்ப் பிள்ளை, முதியோர் இல்லத்தில் சமையல் உதவி) தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "இது எங்கட குசினியிலயும் நடக்கிறதுதானே, அண்ணை" என்றான்.

உண்மை. அவன் தொடக்கிய வழக்கம் அது. மாதப் பிறப்பில் குசினிப் பொறுப்பு கை மாறும். புதியவர் ஊர் மிளகாய்த்தூள் ரின்னில் ஒரு கை, அகப்பையில் மறு கை வைத்துச் சத்தியம் செய்து, பிறகு பேச வேண்டும். மூன்று பேருக்கு ஒரு சனாதிபதி. பேசியவை நினைவில் உள்ள மட்டும்:

முதல் குளிர்காலம், பரமம் அண்ணை (எங்களில் மூத்தவர், மீன் தொழிற்சாலை). ஈரக் காலுறையை ஹீட்டரில் போடாதே. கதவை இழுத்துச் சாத்து. தலை முதல் கால்வரை குளிர்.

87 ஆவணி, ஊரில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்த கையோடு, திரும்பவும் பரமம் அண்ணை. பெரிய பானை வாங்கத் தேவையில்லை, அடுத்த பொங்கல் ஊரில். கைதட்டல். யே. விசில்.

அந்த ஐப்பசியில் இந்திய ஆமியோடு சண்டை தொடங்கிய பிறகு யே. அகப்பையைத் தூக்கினான், "சாப்பிடுவம்" என்றான், இருந்துவிட்டான்.

போன வருடம், யார் பேசினாலும் தபால். கதவு ஓட்டையால் விழுவதை யார் முதலில் எடுப்பது என்பது பற்றிச் சட்டத்துக்கு மேல் சட்டம்.

வசந்தியும் மயூரியும் கொழும்பில் ஒற்றை அறையில். இங்கே அழைப்பிக்க அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்து ஒரு வருடத்துக்கு மேல். மறுத்தால் மேலே போகலாம். பதிலே இல்லாவிட்டால் எங்கே போவது? யே.யின் மனைவிக்கும் அப்படித்தான், கேட்ட தமிழர் எல்லோருக்கும் அப்படித்தான். போன கிழமை, இந்தக் கோப்புகள் கிடக்கும் நீதி அமைச்சில் அமைச்சர் மாறினார். யே. உடனே மெழுகுதிரி கொளுத்தினான். பரமம் அண்ணை மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிட எழுதிக் கொடுக்கவே இல்லை. திரும்பிப் போகிற ஆளுக்கு அது எதற்கு என்பார்.

20 தை, வெள்ளி.

வேலையில் கை வெட்டு, சிறிது. உருளைக்கிழங்குக் கறி (உப்புக் கூடிவிட்டது).

மாலைச் செய்தியில் பேச்சு. எங்கள் ரிவிக்கு ஏரியலை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்று யே. புதுச் சனாதிபதி செபத்தோடு தொடங்க, இவன் ஏரியலை விட்டுவிட்டுச் சிலுவை போட்டான். அமெரிக்கா முழுக்கப் புள்ளி புள்ளி. பரமம் அண்ணையின் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது.

மென்மையான பேச்சு. போதைப்பொருள், அரசாங்கத்தின் பற்றாக்குறை, வீடில்லாதவர்கள். எதிர்க்கட்சிக்குக் கை நீட்டுகிறார். பழைய போர் ஒன்று தங்களை இன்னும் பிரித்து வைத்திருக்கிறது, போதும் என்கிறார். பரமம் அண்ணை, இந்தாளுக்குப் பெரிதாகக் கவலை இல்லைப் போல என்றார்.

கடைசிவரை காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் மனைவி, இந்தப் பக்கம் புருஷன் என்று ஏதாவது ஒரு வரி வருமா என்று. அந்த மனிதர் எதற்கு அதைச் சொல்ல வேண்டும்? வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

24 தை, செவ்வாய்.

காற்று. குடை போச்சு.

வகுப்பில் பேசினேன். வாழ்நாளில் மறக்க மாட்டேன். மேடை என்றால் ஊரில் எப்படித் தொடங்குவோம்? அப்படியே டேனிஷில் தொடங்கினேன். தலைமை வகிக்கும் ரீச்சர் அவர்களுக்கு. உடன் கற்கும் துருக்கி நண்பர்களுக்கு. ஈரான் சகோதரிக்கு. இன்று வராதவர்களுக்கு. பள்ளிக்கு வெளிச்சம் தரும் மின்சாரப் பகுதியினருக்கு. வணக்கம் முடிய, ஐந்து நிமிடமும் முடிந்தது. சனாதிபதி ஒருவரும் இன்னும் வரவில்லை.

ரீச்சர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்து, இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமோ எடு என்றார். குளிரில் பேசிப் போனவரையும், பயத்தை ஏசியவரையும், கட்டுப்போடச் சொன்னவரையும் சொன்னேன். வாய் நிற்காமல் குசினியையும் சொல்லிவிட்டேன். முதலாம் திகதி யார் பதவியேற்கிறார் என்று கேட்டார். நான் என்றேன். வரலாமா என்றார்! வெறும் கையோடு வரமாட்டாராம், கேக் கொண்டுவருவாராம். நல்ல மனுசி.

28 தை, சனி.

வெயில், கொஞ்சம். உடுப்புத் தோய்ப்பு.

தபாலில் கசெற். வசந்தி பேசி அனுப்பியது. அறைக்காரி நல்லவள், மீன் விலை, என் இருமல் எப்படி. அவள் குரலில் சளி, அதைச் சொல்லவில்லை. போன கசெற்றில் எங்கள் குசினிச் சனாதிபதிகளின் கதையைச் சொல்லியிருந்தேன். "இந்தாங்கோ, பிள்ளை கதைக்கப் போறா" என்றாள். ஏதோ தட்டுப்பட்ட சத்தம். கரண்டியாக இருக்க வேண்டும்.

மயூரி அந்த அறைக்குச் சனாதிபதியாம். பதவியேற்று நின்று பேசுகிறாள். விளக்கணைத்த பிறகு அம்மா அழக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறாளாம். டென்மார்க்கில் நாய்க்குத் தமிழ் விளங்குமா என்று அறிய வேண்டுமாம். பிறகு குரல் இறங்கியது.

"அப்பா, எனக்கு முன்பல் ரெண்டும் விழுந்திட்டுது. உங்களிட்ட இருக்கிற படத்தில பல்லோட நிக்கிறன். ஏர்போட்டில என்னைத் தெரியாமல் விட்டிட்டுப் போயிடாதேங்கோ."

மூவரும் கேட்டுக்கொண்டு இருந்தோம். யே. மூக்கைச் சீறினான். பரமம் அண்ணை கசெற்றைப் பின்னுக்குச் சுற்றி, அந்த இடத்தைத் திரும்பப் போட்டார். என் செல்லத்தை எனக்குத் தெரியாமல் போகுமா? போகலாம். அதுதான் பயம்.

1 மாசி, புதன்.

மழை. தபால் இல்லை.

வாங்கியது: வெங்காயம், தேங்காய்ப்பூ, சவர்க்காரம். ரீச்சர் பெரிய கிரீம் கேக்கோடு வந்தார், சப்பாத்தை வாசலில் கழற்றினார், சொல்லாமலே. புட்டும் கறியும் கையால் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர், "நல்லாயிருக்கு" என்றார் தமிழில். யே. சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

ரின்னில் கை, அகப்பையில் கை. எழுதி வைத்திருந்தவை: குப்பை, பாத்திரம் கழுவும் முறை, வெங்காயத் தோல். ஒன்றும் வாயில் வரவில்லை. தமிழில் ஒரு வரி, ரீச்சருக்காக டேனிஷில் ஒரு வரி என்று பேசினேன். ஒரு வருடமாக இந்த வீட்டில் தபாலைப் பற்றிப் பேசுகிறோம், யாருக்காகக் காத்திருக்கிறோமோ அவர்களின் பெயரை ஒரு பேச்சிலாவது சொன்னோமா என்று கேட்டேன். வசந்தி என்றேன். மயூரி என்றேன், முன்பல் இரண்டும் இல்லை, அவள் வருவதற்குள் புதுப்பல் முளைத்தும் இருக்கலாம், யார் ஏர்போட்டுக்குக் கூட்டிவரப் போனாலும் இரண்டு முகத்துக்கும் ஆயத்தமாகப் போங்கள் என்றேன். யே. தன் மனைவி பெயரைச் சொன்னான். அதோடு என் பேச்சு முடிந்தது.

யாரும் கைதட்டவில்லை. பரமம் அண்ணை எழும்பி என் கையிலிருந்த அகப்பையை வாங்கினார். அது முறை இல்லை, அவருடைய மாதம் இல்லை. மனைவியின் பெயரைச் சொன்னார், இரண்டு பொடியன்களின் பெயரையும் சொன்னார். எங்களுக்கு இன்றுதான் தெரியும் இளையவனின் பெயர்.

"நான் முந்தி ஒரு பேச்சுப் பேசினனான்," என்றார். "அதைத் திருப்பி எடுக்கிறன். பெரிய பானை வாங்குவம்."

நாளை வேலையால் வந்து மூவரும் கடைக்கு. மூடியோடு பார்க்க வேண்டும்.