மாதாவின் கால் விரல்

மச்சான்,

இன்று காலை நம் கோயிலின் பழம்பொருள் அறை ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். தின்னர் வாடை மூக்கில் ஏறியதும் சாவிக்கொத்தும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். கும்மிடிப்பூண்டி பெயிண்ட் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து நீ எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் போகாத வாடை. பழவேற்காட்டில் பாதிப் பேர் மீன் வாடையோடு வீடு திரும்புவார்கள்; நீ ஒருத்தன்தான் பெயிண்ட் வாடையோடு வருவாய்.

ஞாபகமிருக்கிறதா, இந்த அறையை முதன்முதலாக ஊர் பார்க்கத் திறக்க நாள் குறித்திருந்த சமயம்? பழைய பூசைப் பாத்திரங்கள், செல்லரித்த லத்தீன் புத்தகங்கள், டச்சுக்காரன் காலத்துப் பீங்கான் தட்டு, பீடத்திலிருந்து இறக்கிய மரத்து மாதா சுரூபம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதும் வேலையைப் பங்குச் சாமியார் என்னிடம் கொடுத்திருந்தார். பெரிய உத்தியோகம் கிடைத்த மிதப்பு எனக்கு. மாதாவின் வலது கால் பெருவிரலில் வர்ணம் போய்க் கட்டை தெரிந்தது. 'சேதம்' என்று எழுதினேன். அதோடு விட்டேனா? திறப்புக்கு வெளியூர்ப் பெரிய மனிதர்கள் வருவார்களே என்று, அந்த விரலுக்கு வர்ணம் அடிக்க உன்னைக் கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்தாய். உங்கள் வீட்டில் கும்பிடும் சாமி வேறு; ஆனாலும் கைகால் அலம்பிவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொட்டாய். இது கம்பெனி பெயிண்ட், உப்புக்காற்றுக்கும் அசையாது என்று பெருமையடித்துக்கொண்டாய்.

மறுநாள் காலையில், ஏரியில் இறால் பிடிக்கும் அக்கா வந்தாள். தண்ணீரில் இறங்குமுன் அந்த விரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது இறால் பிடிக்கிறவர்கள் வழக்கம். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பேனாவைப் பிடித்ததும் மறந்துபோனேன். அக்கா தொட்ட கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"இன்னா நைனா, வழவழன்னு கீது. எங்கம்மா கை வச்ச எடம் எங்க?"

விஷயம் கேள்விப்பட்டு அன்று சாயங்காலமே உப்புத்தாளோடு ஓடிவந்தாய். ஏரியிலிருந்து திரும்பியிருந்த அக்கா உன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொரண்டுனா அது ஒன் கை தேச்சதாவும். வுடு. நாங்களே தொட்டுத் தொட்டுக் கட்டையக் கொண்டாந்துக்கிறோம்."

நீ உப்புத்தாளை மடித்து என் பதிவேட்டுக்குள் வைத்தாய். அடிக்கச் சொன்னவன் நான்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். பிரஷ் பிடித்தது என் கை என்று நீ விடவேயில்லை.

கல்யாணமாகி ஆரம்பாக்கம் போன பிறகும் உனக்கு அதே நினைப்பு. செல்போன் வாங்கிய புதிது. ஞாயிறு பூசை முடிகிற நேரம் பார்த்து மிஸ்டு கால் கொடுப்பாய். கஞ்சப்பயலே என்று திட்டிக்கொண்டே நான் கூப்பிடுவேன். எடுத்ததும், "கட்ட தெரியுதா?" என்பாய். உன் கம்பெனி பெயிண்ட் ஆச்சே, லேசில் போகுமா என்பேன். சிரிப்பாய், ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். நாலு வருஷம் இப்படியே போனது.

பிறகு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணெல்லாம் மஞ்சளாக, அதையே கேட்டாய்.

"தெரியுது மச்சான்" என்றேன்.

"அப்பாடா" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாய்.

பொய் மச்சான். அன்றைக்கும் அந்தப் பெயிண்ட் பளபளவென்றுதான் இருந்தது. சொன்னதை உண்மையாக்கிவிடலாமென்று மறுநாள் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு மாதா முன்னால் நின்றேன். கை வரவில்லை. அந்த வாரமே நீ போய்விட்டாய். உன்னை ஏமாற்றி அனுப்பிவிட்டேனே என்று ஒவ்வொரு ஞாயிறும் மனசு அடித்துக்கொள்ளும்.

அதன் பிறகு அந்த விரலைப் பார்க்கவே மனசு வராமல் இருந்தவன், இன்று பெயிண்ட் வாடையில் உன் ஞாபகம் வந்துதான் குனிந்து பார்த்தேன். விரல் நுனியில் அரிசி அளவுக்குக் கட்டை தெரிகிறது. அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன். தொட்டுப் பார்த்தாள். உன் பேரைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பதிவேட்டில் 'சேதம்' என்பதை அடித்துவிட்டு, 'கைபட்டுத் தேய்ந்த இடம்' என்று எழுதினேன். உன் உப்புத்தாள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்றும் ஞாயிறுதான்; மணி ஒன்பது, பூசை முடிந்துவிட்டது. போன் கையிலேயே இருக்கிறது.

ஒரு மிஸ்டு கால் கொடேன், மச்சான்.