மோத்தி தின்ற காளான்

வரதய்யபாளையத்து மண்ணில் படுத்திருக்கும் என் நைனாவுக்கு,

சித்தூரில் நாங்கள் சுகம். உன் மருமகனுக்குக் கலெக்டர் கச்சேரியில் அதே குமாஸ்தா வேலைதான். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் நாய் மோத்தி செத்தது நினைவிருக்கிறதா? அந்த ஐப்பசி மழை விட்டதும் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து நான் காளான் பிடுங்கி வந்தேன். அம்மா புற்றுக்காளானை மட்டும் குழம்புக்கு எடுத்துக்கொண்டு, மற்றதைத் தூரக் கொட்டச் சொன்னாள். மோத்தி வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. நாய்க்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று அதன் தட்டில் போட்டேன்.

அன்றைக்கு ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் வாந்தி. அதற்கடுத்த நாள் எழுந்து கஞ்சிகூடக் குடித்தது. பிறகு கண் மஞ்சளாகிச் சுருண்டு படுத்ததுதான். காளான் ஞாபகமே எனக்கு வரவில்லை, நைனா.

உனக்கு வந்ததெல்லாம் சித்தப்பாவின் ஞாபகம். முந்தின வாரம்தான் மோத்தி அவருடைய ஆட்டுக்குட்டியைக் கடித்திருந்தது. இந்த நாயை ஒழிக்காமல் விடமாட்டேன் என்று அவர் தெருவில் நின்று கத்தியிருந்தார். விஷம் வைத்துவிட்டான் என்று நீ ஊரைக் கூட்டினாய். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு வருஷம் கூடப்பிறந்தவர் முகத்தில் விழிக்காமலே போய்ச் சேர்ந்தாய். வாய்க்கரிசி போட வந்தவரை, நீ சொல்லிவிட்டுப் போனபடி, நான்தான் திருப்பி அனுப்பினேன்.

பத்து நாளைக்கு முன்பு பக்கத்து வீட்டு நாய் தோட்டத்தில் முளைத்த காளானைத் தின்றுவிட்டது. அந்த அம்மாவோடு நானும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். மனிதர் சாப்பிடும் நல்ல காளானை உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்து ஒரு வாய் கொடுத்தால் நாய்க்குக் கெடுதலில்லை என்றார் டாக்டர். தானாக முளைத்ததைத்தான் நம்பக்கூடாதாம். சிலது தின்ற அன்று ஒன்றும் காட்டாதாம். வாந்தி எடுத்துத் தேறின மாதிரி இருக்குமாம். அப்புறம் ஈரல் கெட்டுக் கண் மஞ்சளாகுமாம். உடனே கொண்டுவந்ததால் அந்த நாய் பிழைத்தது. மோத்தியின் தட்டில் நான் போட்ட காளான் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மறுநாளே திருப்பதி வழியாக, ரயிலும் வண்டியுமாகச் சித்தப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"நெல்லு மூட்டைகிட்ட எலிப்பாஷாணம் வெச்சிருந்தேம்மா. அதத்தான் துன்னுடுச்சோன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு இருந்தேன். அதான் அண்ணங்கிட்ட வாயத் தொறக்கல."

பிறகு கேட்டார்: "இது தெரிஞ்சிருந்தா, அண்ணன் என்னெ ஊட்டுக்குள்ள உட்டிருக்குமா?"

நீ விட்டிருப்பாயா, நைனா?

ஊரில் இன்னமும் அவரை நாய்க்கு விஷம் வைத்தவர் என்றுதான் சொல்கிறார்கள். வருகிற உன் திதியன்று, எல்லாரும் கூடியிருக்கும்போது, மோத்திக்கு அதைப் போட்டது நான் என்று என் வாயாலேயே சொல்வேன். சித்தப்பா கையால்தான் உனக்குப் படையல் வைப்போம். கோபம் வந்தால் என் மேல் வரட்டும்.

உனக்கும் அவருக்கும் மகளான,
ரஞ்சிதம்