நான்கு பேரும் ஒரே வரிசையில்

நவம்பர் 3, திங்கள்

காலையில் பிடித்த மழை, விடவே இல்லை. துணி எதுவும் காயவில்லை. சுகாதார நிலையத்தில் கூட்டம் தாங்கவில்லை, மருந்து எடுத்துக் கொடுத்தே கை ஓய்ந்துவிட்டது. எல்லாம் சளி, காய்ச்சல். இருமல் மருந்து தீரப்போகிறது. நாளை எழுதிப் போட வேண்டும்.

கவினுக்குப் போன். எடுக்கவில்லை. அப்புறம் மெசேஜ்: “ஒர்க்ல இருக்கேன்.” ஓசூருக்கு வேலைக்குப் போன பிள்ளை வேலையில்தான் இருப்பான். நேற்று ஞாயிற்றுக்கிழமையும் இதே பதில்தான் வந்தது.

சாயங்காலம் எதிர்வீட்டு ரெஜினாக்கா குடையோடு வந்தார். ஒரு கிண்ணம் மீன் குழம்பு. கவின் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன் செல்வி, கம்ப்யூட்டர இப்படியே போர்த்தி வெச்சிருக்கியே! மழைக்காலம். அப்பப்ப போட்டு அணைக்கலேன்னா உள்ள பூத்துப் போயிடும். எங்க வீட்டு டிவி அப்படித்தான் போச்சு” என்றார்.

தொடாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். தொட்டால் என்ன, கடித்தா வைக்கும்?

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டேன். ஓடுகிறது. பாஸ்வேர்ட் ஒன்றும் கேட்கவில்லை.

திரையில் அதே ஆள். இரும்புச் சட்டை, பெரிய துப்பாக்கி. கவின் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்து எங்கள் வீட்டில் குடியிருந்த ஆள். சோறு மட்டும்தான் போடவில்லை. அந்தச் சுடுகிற விளையாட்டை நானும் ஒருமுறை ஆடிப் பார்த்திருக்கிறேன். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் செத்துவிட்டேன். மறுபடியும், மறுபடியும். கவின் விழுந்து விழுந்து சிரித்தான். “உனக்குக் கை வராதும்மா, விட்டுடு.”

இது அது இல்லை. அதே கம்பெனிக்காரன் அதே ஆட்களை வைத்து விட்ட இன்னொரு ஆட்டம். “ஆளு அதே, ஆட்டம் வேறம்மா” என்று ஒருநாள் தோசை தின்றுகொண்டே சொன்னான். அன்றைக்குக் காதில் வாங்கவில்லை.

திறந்தேன். மேலேயிருந்து பார்க்கிற மாதிரி ஒரு இடிந்த ஊர். நம் ஆட்கள் நான்கு பேர். எதிரே பூதம் பூதமாக ஏழெட்டு. ஐயோ சுடப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் குக்கர் விசில். போய் அணைத்து, பருப்பைக் கடைந்து, தாளித்துக் கொட்டிவிட்டு வந்து பார்க்கிறேன், எல்லாரும் அப்படியே நிற்கிறார்கள். பூதங்களும்தான். நான் என் ஆட்களுக்கு வேலை சொல்லி முடித்தால்தான் அவன் அசைவான். அவன் முடித்தால் மறுபடி நான்.

அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே இவன்!

நவம்பர் 6, வியாழன்

வெயில் கொஞ்சம். போர்வை துவைத்தேன். இன்சுலின் வந்துவிட்டது, இருமல் மருந்து வரவில்லை.

இரண்டு மணிக்கு வேலை முடிந்தால் முன்னெல்லாம் பஸ் ஸ்டாண்டில் சும்மாவாவது நின்று நாலு முகத்தைப் பார்த்துவிட்டு வருவேன். இப்போது நேரே வீட்டுக்கு.

ஆட்களின் பேர் வாயில் நுழையவில்லை. நானே வைத்துவிட்டேன்:
மொட்டை.
தாடி. (நல்லவன். குறி தப்பாது.)
நீலச்சட்டை.
பொண்ணு. சின்ன முகம், பெரிய துப்பாக்கி.

தெரிந்துகொண்டது: சுவரை ஒட்டி நிறுத்தினால் அடி குறைவு. நம் ஆள் ஒருவனைச் சுடவிடாமல் நிறுத்திவைத்தால், எதிரி அந்தப் பக்கம் அசைந்ததும் நம் ஆள் தானாகச் சுட்டுவிடுவான். ஓவர்வாட்ச் என்று பேர். கட்டுச்சோற்றுக்குக் காவல் உட்கார்ந்த மாதிரி.

இன்று ஜெயித்தேன். வாய்விட்டு “அப்படிப் போடு!” என்று கத்திவிட்டேன். கத்தியபிறகுதான் வீட்டில் யாருமில்லாதது உறைத்தது. அவர் இருந்திருந்தால் என்னடி சத்தம் என்று கேட்டிருப்பார். கவின் பன்னிரண்டாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கவினுக்கு ‘சாப்டியா’ போட்டேன். ‘ம்’.

நவம்பர் 7, வெள்ளி

ரெஜினாக்கா சாயங்காலம் வீட்டில் ஜெபக்கூட்டம், நீயும் வந்து உட்காரு, சுண்டல் தருவேன் என்றார். தலைவலி என்று பொய் சொன்னேன். தாடிக்குப் புதுத் துப்பாக்கி மாட்டும் வேலை இருந்தது. எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

“தலைவலின்னு சொன்னவ வீட்ல டமால் டுமீல்னு சத்தம் கேக்குது?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு, சுண்டலைக் கம்பி வழியே நீட்டினார்.

நவம்பர் 8, சனி

எழுதவே பிடிக்கவில்லை.

திறந்த வெளி. நான்கு பேரையும் ஒரு நீளச் சுவரை ஒட்டி வரிசையாக நிறுத்தினேன். ஒருத்தர் முன்னே போகக் கூடாது, ஒருத்தர் பின்தங்கக் கூடாது. இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, தானாக வருவது. பன்னிரண்டாவது வரை லீவெல்லாம் அம்மாவோடு நன்னிலம் பக்கம் நடவு நட்டவள் நான். வயலில் இறங்கினால் எல்லாரும் ஒரே வரிசை. நட்டுக்கொண்டே பின்னால் நகர வேண்டும். ஒருத்தி முந்தினால், “நீ மட்டும் கரையேறி என்னாடி பண்ணப் போற?” என்று ஏச்சு விழும். பிந்தினால் பக்கத்தில் நிற்பவள் தன் கையிலிருக்கும் நாற்று முடியைக் கீழே போட்டுவிட்டு வந்து கைகொடுப்பாள். யாரையும் விட்டுவிட்டு நகர்கிற பழக்கம் இல்லை.

இங்கேயும் அப்படியே நகர்த்தினேன். பார்க்க அழகாக இருந்தது. எதிரி ஒரே ஒரு குண்டைத் தூக்கி வரிசையின் நடுவில் போட்டான்.

தாடி போய்விட்டான். நீலச்சட்டையும். மொட்டை படுகாயம், பொண்ணு ஒருத்திதான் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தாள். விட்ட இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆட முடியாதபடி கவின் ஏதோ செட் பண்ணி வைத்திருக்கிறான். செத்தவன் செத்தவன்தான். படத்துக்குக் கீழே பேர், அவ்வளவுதான்.

பொம்மைக்காக அழுதேன். பொம்மைக்காக மட்டும் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. கறி எடுக்கப் போகவில்லை. ஒரு ஆளுக்கு என்னத்தைக் கறி.

பதினோரு மணிவாக்கில் போன். கவின்! அவனாகக் கூப்பிட்டிருக்கிறான். உடம்புக்கு ஏதோ என்று கரண்டியோடே எடுத்தேன்.

“அம்மா, என் கேம் அக்கவுண்ட்ட எவனோ ஹேக் பண்ணிட்டாம்மா!”

புது லேப்டாப்பில் அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தானாம். யாரோ இதை ஆடியிருக்கிறார்கள். தினமும் மத்தியானத்துக்கு மேல். என்ன கோபம், என்ன பேச்சு! நான் “அப்படியா”, “அய்யய்யோ”, “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவன் ஓசூர் போன இந்த நான்கு மாதத்தில் இவ்வளவு பேசியதில்லை. உண்மையைச் சொன்னால் வைத்துவிடுவான் என்று பயம்.

“அந்தத் தாடி வெச்சவன நான் ரெண்டு வருஷமா வளர்த்தேம்மா. ஒரே நாள்ல தூக்கிக் குடுத்துட்டான்.”

வளர்த்தானாம். பெற்றவளிடம் சொல்கிறான்.

“வீட்டு கம்ப்யூட்டர்ல யாராவது ஓப்பன் பண்ணியிருப்பாங்களோ?” என்று நானே கேட்டேன். ஏன் கேட்டேனோ.

“ச்சே. அங்க யாரு இருக்கா?”

அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான். “மூணு பேரக் கொன்னிருக்காம்மா அந்த முட்டாப்பய. மூணு பேரு!”

“மூணு இல்லடா. ரெண்டு பேருதான். மொட்டைக்குக் காயம், படுத்திருக்கான்.”

சொல்லிவிட்டேன். வந்த வார்த்தையை உள்ளே இழுக்க முடியுமா?

போனில் அவன் பக்கத்து ஃபேன் சுற்றுவது கேட்டது.

“அம்மா. நீயா?”

“ம்.”

“ஏம்மா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“கேக்கறதுக்கு நீ போன எடுக்கணுமே.”

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா அப்படியே வந்துவிட்டது. அழக்கூடாது என்று குழம்பைக் கிண்டிக்கொண்டே நின்றேன்.

“எல்லாரையும் ஒரே இடத்துலயா நிறுத்துன?” என்றான்.

“வரிசையா.”

“அய்யோ அம்மா...” சிரித்தான். சத்தியமாகச் சிரித்தான். “பிரிச்சு நிறுத்தணும்மா. ஒருத்தர் இங்க, ஒருத்தர் அங்க. அப்பத்தான் பொழைப்பாங்க.”

“தனித்தனியாவா?”

“ஆமா.”

எனக்கு மனசு ஒப்பவில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.

“சரி, நாளைக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் கூப்பிடறேன். வீடியோ கால். நீ ஸ்க்ரீனக் காட்டு, நான் சொல்றேன், நீ ஆடு. அதுவரைக்கும் எதையும் தொடாத.”

“எத்தன மணிக்கு?”

“ஆறு மணிக்கு மேலம்மா.”

நவம்பர் 10, திங்கள்

நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்துவிட்டது. இருமல் மருந்து வந்துவிட்டது, பெட்டி பிரித்து அடுக்கினேன். கூட வேலை செய்யும் நர்ஸம்மா, “என்னாங்க இன்னைக்கு மொகம் பளிச்சுன்னு இருக்கு?” என்றார். பையன் கூப்பிடறேன்னு சொல்லியிருக்கான் என்றேன். அதற்கா என்பது போலப் பார்த்தார்.

அறையைப் பெருக்கினேன். கம்ப்யூட்டரைப் போட்டு மட்டும் வைத்திருக்கிறேன். மொட்டை எழுந்துவிட்டான். புது ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள், இன்னும் பேர் வைக்கவில்லை. அவனையே வைக்கச் சொல்லலாம்.

போனை எண்ணெய் டப்பா மேல் சாய்த்து நிறுத்திப் பார்த்தேன். திரை நன்றாகத் தெரிகிறது. தலை வாரிக்கொண்டேன். சேலை மாற்றவில்லை, அது ரொம்ப அதிகம்.

ஆறு தாண்டிவிட்டது. ஓசூரில் டிராஃபிக் இருக்கும்.

ஏழு. ஓவர்டைம் போட்டிருப்பார்கள்.

காப்பி ஆறிவிட்டது. நானாகக் கூப்பிடக் கூடாது. அவன் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

எட்டு அடிக்கப் போகிறது. போன் அடித்தது. பாய்ந்து எடுத்தால் ரெஜினாக்கா. வெட்டிவிட்டேன். மறுபடி அடிக்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான், தெரியும். தினமும் கேட்கிற ஒரே ஆள். எடுக்கவில்லை. அவன் கூப்பிடுகிற நேரத்தில் லைன் பிஸி என்று வந்துவிட்டால்?