மாற்றித் தைத்த லேபிள்

கொட்டாஞ்சேனை,
ஒக்டோபர் 12

அன்பு மகள் நிலூஷாவுக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் தங்கச்சியும் சுகமாக இருக்கிறோம், மெல்பேணில் நீயும் அப்படியே இருக்க தினமும் செபமாலையில் கேட்கிறேன். அப்பாவின் பிறெஷர் இறங்கிவிட்டது, ஆனால் ஊறுகாய்ப் போத்தலை எங்கே ஒளித்தாலும் மணந்து பிடித்துவிடுகிறார். தங்கச்சி றஷ்மி தன் கலியாணக் கார்ட் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். கலியாணத்துக்கு வருவேன், ஆனால் பெண்ணுக்குத் தோழியாக நிற்கமாட்டேன், கோயிலில் கடைசி வரிசையில், பின் வாங்கில் இருந்து பார்க்கிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அவள் முகம் வாடித்தான் கிடக்கிறது. வெளிநாடு போனதும் பெருமை வந்துவிட்டது என்று நான் வீடு முழுக்க உன்னை ஏசித் திரிந்தேன். அந்த ஏச்சையெல்லாம் இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன் பிள்ளை.

நேற்று தையல்கார சுபோதினியிடம் போனேன். எப்படியும் உன் மனம் மாறும் என்று, தோழிச் சட்டைக்கு நீ முதலில் அனுப்பிய அளவைக் கொடுத்து, எல்லாவற்றிலும் இரண்டு இஞ்ச் குறைத்து வெட்டு, கலியாணத்துக்குள் மெலிந்துவிடுவாள் என்றேன். சின்ன வயதில் நீ கோயிலில் உறுதிப்பூசுதல் பெற்றபோது போட்ட சட்டைக்கும் அப்படித்தானே சொன்னேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அன்ரி, இனி எனக்கு இது ஏலாது, நீங்க குறைக்கச் சொல்லிப்போட்டுப் போவீங்க, பிறகு பிள்ளை அழுதுகொண்டு வந்து பிரிச்சுத் தைக்கச் சொல்லும், எத்தினை வருசம் இதைச் செய்தனான் என்றாள். ஐயோ, எனக்கு விளங்கவேயில்லை. அதோடு விட்டாளா! பதினாறு வயதில் நத்தாருக்கு நீ வாங்கிய நீலச் சட்டை, நான் துவைத்துக் காயப்போடும்போது கழுத்து லேபிளைத் திருப்பிப் பார்த்து, என் மகளுக்கு மீடியம்தான் என்று பக்கத்து வீட்டு பிறிஜெற்றிடம் பீற்றிக்கொண்டேனே, அது டபிள் எக்ஸ்எல் சைஸாம். பழைய சட்டையொன்றின் ‘எம்’ லேபிளை வெட்டி அதில் தைக்கச் சொல்லி நீ கெஞ்சினாயாம். அம்மா லேபிளைப் பார்ப்பா அக்கா, பார்த்தா சோத்தைக் குறைச்சுப்போடுவா என்றாயாம். பெற்ற தாய்க்குப் பயந்து ஒரு பிள்ளை இப்படியும் செய்யுமா? அவள் தந்த பிளேன்ரீயை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன், வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றும் தெரியாது.

வந்ததும் அலுமாரியில் கிடந்த உன் பழைய சட்டைகளை இழுத்துப் போட்டுப் பார்த்தேன். ஏழு சட்டையில் கையால் தைத்த ‘எம்’ லேபிள். நூலின் நிறம்கூட வேறு, இத்தனை காலம் என் கண்ணில் அது படவேயில்லை. நீ அளவு அனுப்பியபோது, இது உனக்கா, வீட்டுத் திரைச்சீலைக்கா என்று பகிடி விட்டேனே, அதன்பிறகுதானே நிற்கமாட்டேன் என்றாய். உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று எழுத வருகிறது, எழுத வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துக்கொள் மகள்.

இன்று காலை திரும்பிப் போய், நீ அனுப்பிய அளவிலேயே ஒரு நூலும் குறையாமல் வெட்டச் சொல்லிவிட்டேன். அதைப் போடுவதும் விடுவதும் உன் விருப்பம், யாரும் உன்னை வற்புறுத்தமாட்டோம். நீ பின் வாங்கில்தான் இருப்பாய் என்றால் நானும் உன் பக்கத்தில் வந்து இருப்பேன், பெண்ணின் தாய் முன்னுக்கு இல்லையே என்று சனம் கதைத்தால் கதைக்கட்டும்.

கொச்சிக்கடை அந்தோனியார் உனக்குத் துணையிருப்பார். தங்கச்சிக்கு ஒரு போன் கோல் எடு, மறந்துவிடாதே. என்னை ஏசவேண்டுமென்றால் போனில் வேண்டாம், நேரே வந்து ஆசைதீர ஏசு, நான் வாய் திறக்கமாட்டேன்.

உன் அம்மா,
நேசம்